கொண்டுபோய் விடுதல்

யாழ்ப்பாணத்தில் பூனை குட்டி போட்ட வீடுகளில் பெரும்பாலும் ஒரே காரியந்தான் நடக்கிறது. குட்டிகள் கண் திறந்து, தள்ளாடித் தள்ளாடி நடந்து, குசினிக்குள் வரத் தொடங்கியதும் வீட்டு ஆம்பிளையின் கையில் உரப்பை ஒன்று கொடுக்கப்படும். அவர் அதைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி, விடியற்காலையில் மீன்சந்தைப் பக்கம் போய், பையின் வாயை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார். வந்த வழி தெரியக்கூடாது என்பதற்காகத்தான் பை. கொல்லவில்லை, அடிக்கவில்லை, சாப்பாடு கிடைக்கிற இடத்தில்தானே விட்டோம் என்று ஒரு சமாதானம். இதைக் 'கொண்டுபோய் விடுதல்' என்கிறோம். முஸ்லிம் வீடு, இந்து வீடு, வேதக்காரர் வீடு என்ற வித்தியாசம் இதில் இல்லை.

இது சரியா என்பதுதான் என் கேள்வி. இலக்கியச் சஞ்சிகையில் இதற்கெல்லாம் இடமா என்று ஆசிரியர் முகம் சுளித்தாலும், பெரிய கேள்வி ஒன்று இதற்குள் கிடப்பதாக எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது 2022இல். மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கு அப்போது பத்து வயது, மகனுக்கு ஏழு, கடைக்குட்டிக்கு மூன்று. அந்த வருடம் கடைகளில் பால்மா இல்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லாததால் பல படகுகள் கடலுக்குப் போகவில்லை. மீன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு. அந்த நேரம் பார்த்துத்தான், மதிலேறித் தானாக வந்து சேர்ந்த சாம்பல் வரிப் பூனையொன்று, தொழுகை உடுப்பு வைக்கிற அலுமாரித் தட்டில் நான்கு குட்டிகளைப் போட்டது. அதற்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் சீனி. கடையில் வாங்க முடியாததை வீட்டில் வைத்துக் கூப்பிட்டார்கள்.

"மனிசருக்கே இல்லாத நேரம். எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றார் மனைவி. கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். மீன் வெட்டும்போது தலையையும் குடலையும் பூனைக்கென்று எடுத்து வைப்பவர் அவர்தான். மூன்று பிள்ளைகளின் வயிற்றையும் அடுப்பையும் ஒருசேரப் பார்க்க வேண்டியவர், அப்படிச் சொல்வதற்கு உரிமையுள்ளவர். உபதேசம் செய்கிற ஆண்களில் அநேகர் உலை வைப்பதில்லை.

மகன் உரப்பையை எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டான். பிறகு வந்து கேட்டான்: "வாப்பா, விட்டா அதுகள் என்ன செய்யும்?"

பாவமா என்று அவன் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் ஒரு சொல்லில் பதில் சொல்லித் தப்பியிருக்கலாம். விட்ட பிறகு அதுகள் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. யோசித்துப் பார்த்தால், நம்முடைய ஹதீஸிலும் இதே கேள்விதான் இருக்கிறது.

பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் செய்தியை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண் பூனைக்குத் தானும் உணவு கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னட்டும் என்று அதை விடவுமில்லை. அதனால் நரகத்துக்குரியவள் ஆனாள். இந்தச் செய்தியை வைத்து மௌலவி நண்பர் ஒருவர் என்னோடு தர்க்கித்தார். "கட்டிவைத்ததுதானே அங்கே குற்றம்? அவிழ்த்துவிடுவது எப்படிக் குற்றமாகும்?" என்றார். நான் பத்வாச் சொல்கிறவன் அல்லன். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் ஒரு வாக்கியத்தை எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். அந்தச் செய்தியில் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, தீன் போடுவது. மற்றது, தானே தேடித் தின்னும்படி விடுவது. இரண்டாவது வழியிலும் நோக்கம் தின்பதுதான். தேடித் தின்னத் தெரியாத ஒன்றை அவிழ்த்துவிட்டால் இரண்டு வழிகளில் எது நிறைவேறுகிறது? கயிறு இல்லை என்பதைத் தவிர, அந்தப் பெண்ணின் பூனைக்கும் சந்தையில் விடப்பட்ட நாலு வாரக் குட்டிக்கும் வயிற்றளவில் வித்தியாசம் என்ன?

நண்பர் சிரித்துவிட்டு, "வாத்தியார் புத்தி" என்றார். மறுப்பேதும் சொல்லவில்லை.

பூனைக்குட்டிக்கு வேட்டை பிறவியிலேயே வந்துவிடுகிறது என்று நாம் நினைக்கிறோம். பாய்வதும் பதுங்குவதும் வருகிறதுதான். ஆனால் மீதியைத் தாய்தான் படிப்பிக்கிறது. பிறந்து ஒரு வாரம் பத்து நாளில் கண் திறக்கும். நாலைந்து வாரத்தில் தாய் செத்த பல்லியையோ எலியையோ கொண்டுவந்து முன்னால் போடும். பிறகு அரையுயிரோடு கொண்டுவந்து போடும். அது ஓடும்; குட்டிகள் துரத்தும்; தப்பவிட்டால் தாய் மறுபடி பிடித்து வந்து போடும். பால்குடி மறக்கவே எட்டு வாரமளவில் ஆகிவிடும். இந்தப் பாடம் முழுவதையும் எங்கள் கிணற்றடியில் சீனி நடத்தியதை நான் பார்த்தேன். கலாசாலையில் கற்பித்தல் முறை என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததில் பாதி அங்கே நடந்தது: முதலில் செய்து காட்டு, பிறகு பாதி செய்து கொடு, பிறகு ஒதுங்கி நில். பாடம் முடிவதற்கு முன்னர் குட்டிகளைப் பிரிப்பது, வாசிக்கத் தெரியாத பிள்ளையை வகுப்பேற்றி அனுப்புவது போல.

இன்னொரு நிகழ்ச்சியும் நம் நூல்களில் இருக்கிறது. ஸஹாபியான அபூ கதாதா வுழூச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்து வைக்கிறார். ஒரு பூனை குடிக்க வருகிறது. அவர் பாத்திரத்தை அதற்கு வாகாகச் சரித்துக் கொடுக்கிறார். மருமகள் வியப்போடு பார்க்க, பூனை அசுத்தமானதன்று, நம்மிடையே சுற்றித் திரிகிறவற்றில் ஒன்று என்று நபிகள் சொன்னதை அவர் எடுத்துச் சொல்கிறார். சுத்தம், அசுத்தம் பற்றிய சட்டமாகத்தான் இதை நாம் படிக்கிறோம். எனக்கு அந்தச் 'சுற்றித் திரிகிறவர்கள்' என்ற சொல்லில்தான் கண். அந்-நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் இதே வேர்ச்சொல் வருகிறது. அங்கே அது வீட்டுப் பணியாளரையும் பருவமடையாத பிள்ளைகளையும் பற்றியது. மூன்று ஓய்வு நேரங்களைத் தவிர மற்ற வேளைகளில் அவர்கள் அனுமதி கேளாமல் அறைக்குள் வந்து போகலாம், ஏனென்றால் அவர்கள் சுற்றித் திரிகிறவர்கள். பிள்ளையும் பூனையும் ஒரே சொல்லின் கீழ் வருகின்றன. கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவர்கள், விரட்டி மாளாதவர்கள். எங்கள் கடைக்குட்டியும் சீனியும் ஒரே தட்டில் சோறு தின்ற நாளில் இந்த வசனத்துக்கு எனக்கு வேறு விரிவுரை தேவைப்படவில்லை.

"அது எங்கட பூனையா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். வாங்கவில்லை, யாரும் தரவில்லை, அதுவாக வந்தது. உரிமை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் சுற்றித் திரிகிறவர்களிடம் நமக்கிருக்கும் கடமை உரிமையிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. நம் கதவு திறந்திருந்தது, அது உள்ளே வந்தது. அவ்வளவுதான்.

கொண்டுபோய் விடுவதெல்லாம் குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் பராமரிப்புக்கென்று வக்பு செய்தார். அறுநூறு வருடங்களுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்து அங்கே வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், 1836இல் வெளியான தம் நூலில் இதைப் பதிந்திருக்கிறார். தோட்டம் கைமாறிப் போயிருந்தும் காழியின் வீட்டு முற்றத்தில் தினமும் அஸர் வேளையில் பூனைகளுக்கு உணவு போடுவது தொடர்ந்திருக்கிறது. வேண்டாத பூனையைக் கெய்ரோவாசிகள் அந்த முற்றத்தில்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அவர்கள் செய்ததும் கொண்டுபோய் விடுதல்தான். ஆனால் விட்ட இடத்தில் ஏற்கிற கை ஒன்று இருந்தது.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன் என்றும் நாம் சொல்கிறோம். ஒவ்வொரு வருடமும் முதலாம் வகுப்பு வாசலில் அந்தக் காட்சியைப் பார்க்கிறவன் நான். தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை கத்தும். தாய் விரல்களைப் பிரித்தெடுத்து விட்டுவிட்டுப் போவார். அதை யாரும் கைவிடுதல் என்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் வாசலுக்கு இந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார். விடுதல், கைவிடுதல், விடுதலை எல்லாம் ஒரே வேர்தான். 'வீடு' என்பதும் 'விடு' என்பதிலிருந்து பிறந்ததே என்று எங்கள் தமிழ் விரிவுரையாளர் சொல்வார். இந்தச் சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய, மறுபக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதையெல்லாம் நான் எதற்காக இவ்வளவு துருவுகிறேன் என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சாவகச்சேரி முஸ்லிம்களை அதற்கு இரண்டு வாரம் முன்னரே அனுப்பியாயிற்று. எனக்கு அப்போது பத்து வயது. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். பலருக்கு 150 ரூபாவுக்கு மேல் கையில் மிஞ்சவில்லை. சோனகதெருவில் எங்கள் வீட்டில் இரண்டு பூனைகளும் சில கோழிகளும் இருந்தன. உம்மம்மா மத்தியானச் சோற்றைப் பானையோடு கொண்டுவந்து முற்றத்தில் கவிழ்த்தார், கோழிக்கூட்டைத் திறந்தார், குசினிக் கதவைச் சாத்தாமல் விட்டார். அழைத்துப்போக வழியில்லாதவற்றுக்கு, போகிறவர் செய்யக்கூடியது இவ்வளவுதான். இரண்டு மணித்தியாலத்தில் அதற்கும் நேரம் கண்டுபிடித்தார்.

"உங்களை உயிரோடை விட்டவங்கள்தானே" என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்லப்பட்ட வார்த்தை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. சிலர் ஆறுதலாகவே சொன்னார்கள். ஆனால் அதில் கணக்கொன்று மாறிப் பதிவாகியிருக்கிறது. நாங்கள் உயிரோடு இருந்தது எங்களை விட்டவர்களின் கணக்கில் சேராது. புத்தளத்தில் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்து, தங்கள் அடுப்பில் எங்களுக்கும் சோறு வைத்தவர்களின் கணக்கு அது. பின்னாளில் தண்ணீருக்கும் காணிக்கும் வேலைக்கும் அங்கே மனஸ்தாபங்கள் வந்தது உண்மை. அது அந்த முதல் நாட்களின் சோற்றைக் குறைக்காது. சந்தையில் விடப்பட்ட குட்டி பிழைத்தால், அந்த நன்மை மீன்தலை போட்ட வியாபாரிக்குரியது. உரப்பையை அவிழ்த்தவருக்கு அதில் பங்கில்லை. மனிதரையும் பூனையையும் ஒரே தராசில் வைக்கிறான் என்று யாரும் கோபிக்க வேண்டாம். தராசு ஒன்றுதான், வைக்கப்படும் பாரம் வேறு.

குட்டிகளை மூன்று மாதம் வைத்திருப்பது என்று வீட்டில் முடிவாயிற்று. மனைவி ஒரு நிபந்தனை போட்டார்: அதற்குப் பிறகு சீனிக்குக் கருத்தடை செய்ய வேண்டும். கருத்தடை கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடிய பிராணி. பிறகு பிறக்கிற ஒவ்வொரு ஈற்றும் உரப்பைக்குள் போகும் என்றால் எது பெரிய தீங்கு என்று நானும் மனைவியும் பேசினோம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

என் பள்ளிக்கூடம் வலிகாமத்தில். ஆசிரியர் ஓய்வறையில் நான் இந்தக் குட்டிக் கதையைச் சொன்னபோது, மூத்த ஆசிரியர் ஒருவர் தம்முடைய கதையைச் சொன்னார். 1995இல், அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன இரவு, அவர்கள் வீட்டு நாய் பாலம் வரை கூடவே வந்து சனத்துக்குள் தவறிப் போயிற்று. பூனை வரவேயில்லை. 1996 மே மாதம் திரும்பி வந்தபோது அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. ஒரு வாரம் யாரையும் கிட்ட அண்டவிடவில்லையாம்.

"வளர்ந்த பூனை. வேட்டை தெரிஞ்சிருந்தது. அதுதான் தப்பினது" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கட வீட்டுப் பூனையள் என்ன ஆச்சு, சேர்?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது என்றேன். நாங்கள் முதன்முதலில் திரும்பிப் போய்ப் பார்த்தது 2002இல். கூரையும் கதவு நிலைகளும் கழற்றப்பட்ட சுவர்கள்தான் நின்றன. பூனைகள் இருந்தன, ஆனால் எந்தப் பூனையின் எத்தனையாம் தலைமுறை என்று யார் சொல்வது?

வெங்காயம் வைக்கிற கொட்டிலில் எலித்தொல்லை, ஒரு குட்டி தருவீர்களா என்று கேட்டார். இரண்டு மாதந்தான் ஆகிறது, இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். பொறுத்தார்.