ராஜாவின் கணக்கில் வராதது

மிர்சா ராஜா ஜெய்சிங்கிடம் சாதனைகளைச் சொல்லச் சொல்லியிருந்தால், டெல்லியில் இன்றைய கோல் மார்க்கெட் பக்கத்தில் இருந்த தன் பங்களாவைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டார். 1621-ல் பத்து வயதில் ஆம்பேர் பட்டத்துக்கு வந்தவர், ஆயுள் முழுக்க முகலாயர்களின் சண்டையைத்தான் போட்டார். பால்க், காந்தஹார், தக்காணம். 1665-ல் புரந்தரில் சிவாஜியைப் பணியவைத்து 23 கோட்டைகளை வாங்கியதுதான் உச்சம். மறுவருஷமே சிவாஜி ஆக்ராவிலிருந்து தப்பிவிட, பழி இவர் மகன் ராம்சிங் தலையில் விழுந்தது. பீஜப்பூரும் கைக்கு வரவில்லை. தக்காணத்திலிருந்து திரும்பும் வழியில் 1667-ல் புர்ஹான்பூரில் இறந்துபோனார்.

ஜந்தர் மந்தர் கட்டிய ஜெய்சிங் இவரில்லை, அவர் இதே வம்சத்தில் பின்னால் வந்தவர். தாஜ்மகால் நிற்கும் மனையும் இவருடையதுதான். ஈடாக ஷாஜஹான் நான்கு ஹவேலிகள் கொடுத்தார். அங்கேயும் இவர் பேச்சில்லை, பாவம்.

1664-ல் ஔரங்கசீப்பின் அழைப்பில் டெல்லி வந்த சீக்கிய குரு ஹர்கிருஷன் இந்த பங்களாவில் தங்கினார். எட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை. ஊரெல்லாம் அம்மை. நோயாளிகளுக்கு இங்கிருந்த கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துக் கவனித்தார் என்பது சீக்கிய மரபு. அம்மை அவரையும் அந்த மார்ச்சிலேயே கொண்டுபோயிற்று. இன்று அந்த இடத்தில் இருக்கும் பங்களா சாஹிப் குருத்வாராவில் அந்தத் தண்ணீரை உள்ளங்கை குவித்து வாங்கிக் குடித்துவிட்டு, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொள்கிறார்கள். விருந்தாளியைத்தான் எல்லோருக்கும் தெரியும். ராஜா தங்க இடம் கொடுத்ததும் பாதுஷா உத்தியோகத்தின் ஒரு பகுதிதானோ என்று எனக்கொரு சந்தேகம். அதனால் என்ன, இடம் கொடுத்தாரே.

ஜெர்மனியின் துரிங்கியாவை ஆண்ட நான்காம் லுட்விக் கதையும் இதே ஜாதி. சிலுவைப் போருக்குக் கிளம்பியவர், 1227-ல் இத்தாலியின் ஓட்ரான்டோவில் காய்ச்சல் கண்டு இறந்தார். ஜெருசலேமைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இருபது வயதில் விதவையான மனைவி எலிசபெத், மார்பர்கில் மருத்துவமனை நிறுவித் தன் கையாலேயே நோயாளிகளைக் கவனித்தார். 1235-ல் அவருக்குப் புனிதர் பட்டம். லுட்விக்கா? எலிசபெத்தின் கணவர்.

அதே கோல் மார்க்கெட்டின் சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வேலை தேடி டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கிய பையன்கள் அவர்கள் வராந்தாவில் படுத்து எழுந்திருக்கிறார்கள். இப்போது எண்பதைத் தாண்டிய அந்தப் பையன்கள் கூடினால், மாமி வைத்த மிளகு ரசம் வரை பேச்சு போகும். மாமா என்னவாக ரிட்டயர் ஆனார் என்று கேட்டால் மட்டும், செக்‌ஷன் ஆபீசர் என்பார் ஒருவர், அண்டர் செக்ரட்டரி என்று அடித்துச் சொல்வார் இன்னொருவர்.