எறவாணத்து டம்ளர்

கேள்விகள் இரண்டுதான். உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறார்களா? இல்லை என்பவர்களிடம் அடுத்தது: தலித் ஒருவர் உங்கள் அடுப்படிக்குள் வந்தாலோ பாத்திரங்களைப் புழங்கினாலோ உங்களுக்குச் சம்மதமா? 2011–12இல் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு நாடு முழுக்க 42,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய் இப்படிக் கேட்டது. ஏதோவொரு வகையில் ஒப்புக்கொண்ட வீடுகள் 27 சதவீதம். கிராமங்களில் 30, நகரங்களில் 20.

கார்த்திகையில் தா.பழூர் போயிருந்தபோது அம்மாவிடம் இவற்றைக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருடி பாக்குறா? ஒரே பஸ்ஸுல ஒரசிக்கிட்டுத்தான ஜெயங்கொண்டம் போறோம்" என்றாள். இரண்டாவது கேள்விக்கு, "உலை கொதிக்குது" என்று எழுந்து போய்விட்டாள்.

எங்கள் மாட்டுக்கொட்டகை எறவாணத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர் செருகியிருக்கும். களை எடுக்க வருகிற அக்காவுக்கு அதில்தான் டீ. குடித்ததும் அவரே கழுவி அங்கேயே செருகிவிடுவார். இதை நான் இப்போதுதான் பார்த்தேன் என்றால் பொய்.

அம்மா பொய் சொன்னதாகவும் நினைக்கவில்லை. தீண்டாமை என்பது அவளுக்குப் பள்ளிப் புத்தகத்தின் முன்பக்கத்தில் பாவம், குற்றம் என்று அச்சிட்டிருந்த சொல். அதைச் செய்கிறாயா என்றால் யார் ஆமாம் என்பார்கள்? 1950 முதல் அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு அதை ஒழித்தும்விட்டது. அடுப்படியையும் பாத்திரத்தையும் கேள்விக்குள் கொண்டுவந்தவர் விஷயம் தெரிந்தவர்.

ஆனால் 'உங்கள் அடுப்படி' யாருடையது? அப்பா அந்த டம்ளரைத் தொட்டதே இல்லை. மேடையில் சமத்துவம் பேசுவார். அவரிடம் கேட்டிருந்தால் தயங்காமல் இல்லை என்றிருப்பார். டீயைத் தூக்கி ஊற்றும் வேலை பாட்டிக்கும் பிறகு அம்மாவுக்கும் வந்தது. அதே அம்மாவுக்கு மாதம் மூன்று நாள் தனித்தட்டு, தனி டம்ளர், கொல்லைத் திண்ணை. இரண்டையும் நான் சமன் வைக்கமாட்டேன். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு அம்மா உள்ளே வந்துவிடுவாள். அந்த அக்காவுக்கு நாலாம் நாளே கிடையாது.

அப்படியானால் அவரிடமே கேட்கலாமே? கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா, நல்லாத்தான் இருக்கோம்." அவருக்குக் கூலி கொடுப்பவர் என் அப்பா. கேட்பவரின் நிறத்துக்கேற்பப் பதில் மாறுவது அமெரிக்காவில் நிறவெறி பற்றிய ஆய்வு செய்பவர்கள் பல பத்தாண்டுகளாக அறிந்தது. இங்கே என் நிறத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. எந்தத் தெரு, யார் மகள் என்பது போதும். அதனால் அந்த 27ஐ நான் தீண்டாமையின் அளவாகப் படிப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லத் துணிந்த, அல்லது சொல்வதில் வெட்கப்படாத வீடுகள் அவை. எங்கள் வீடு மிச்சம் 73இல் போய்ச் சேர்ந்திருக்கும். நான் வெளியூரில் இருப்பதால் அந்த வீட்டின் கணக்கிலேயே வரமாட்டேன், எவ்வளவு வசதி.

மறுநாள் நானே டீ போட்டு, வீட்டு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், அடுப்படி வாசலைப் பார்த்தார். எழுந்துபோய் எறவாணத்திலிருந்து தன் டம்ளரை எடுத்துவந்து, "இதுல ஊத்து பாப்பா" என்றார்.

ஊற்றினேன்.