கொண்டல் என்னும் சொல்லும் கொண்டல் வண்ணனும்

எம்பெருமானின் திருமேனி நிறத்தை உரைக்கப் புகுந்த ஆழ்வார்கள் கடலையும் காயாம்பூவையும் நீலமணியையும் உவமை கூறினார்கள். ஆயினும் அவர்கள் திருவுள்ளம் மீண்டும் மீண்டும் சென்று தங்கியது முகிலின்மீதே. தமிழில் முகிலுக்குப் பெயர்கள் பல: கார், எழிலி, மஞ்சு, கொண்மூ, கொண்டல். இவை யாவும் ஒன்றையே குறிப்பன என்று எண்ணிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் சொல்லின் சுவை அதனால் போய்விடும். மலைமுகட்டில் வெண்மையாய்ப் படிவது மஞ்சு. எழுந்து செல்வது எழிலி. கருமை பற்றி வந்த பெயர் கார். கொண்டலோ, கொள்ளுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. நீரைக் கொண்டதனால் கொண்டல். கொண்மூவும் அவ்வழி வந்ததே.

மேகம் என்னும் வடசொல்லின் வேர் இதற்கு மறுதலையானது. அதன் தாது நனைத்தலையும் பொழிதலையும் குறிப்பது. பொழியும்போது கண்டு வடமொழி பெயரிட்டது. கொள்ளும்போது கண்டு தமிழ் பெயரிட்டது. ஆழ்வார்கள் இரண்டையும் விட்டாரில்லர். திருவரங்கத்துப் பெருமானைத் திருப்பாணாழ்வார் கொண்டல் வண்ணன் என்றார். திருமோகூர் எம்பெருமானை நம்மாழ்வார் காளமேகம் என்றார். அத்தலத்தில் அதுவே இன்றளவும் பெருமாளின் திருநாமமாக விளங்குகிறது. கொள்ளாத முகிலால் பொழிய இயலாது. பொழியாத முகிலைப் புகழ்வார் இல்லை. அருளைத் தன்னிடத்தே நிறைத்து நிற்கும் நிலையும், அதனை அடியார்மேல் சொரியும் நிலையும் ஆகிய இரண்டும் சேர்ந்தாலன்றி அவன் நிறத்தைச் சொல்லியதாகாது.

கருமை என்பது நீரின் நிறமன்று. திவலைகள் செறிந்து முகில் தடிக்குந்தோறும் கதிரவன் ஒளி அடிப்பாகம்வரை வந்து சேர்வதில்லை. ஆதலின் கீழிருந்து காண்போர்க்கு அது கருத்துத் தோன்றுகிறது. நிறைவே கருமையாய்த் தெரிகிறது என்க. லூக் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் 1802-ஆம் ஆண்டில் முகில்களை வகைப்படுத்தி இலத்தீன் பெயர்கள் இட்டார். அவற்றுள் மழை பொழியும் முகிலுக்கு வைத்த பெயர் நிம்பஸ். தமிழ்ப் பாடநூலார் அதற்குப் புதுச்சொல் தேடவில்லை. ‘கார்’ என்னும் பழஞ்சொல்லையே எடுத்துக் கார்த்திரள் மேகம், கார்ப்படை மேகம் என ஆண்டனர். கம்பநாட்டாழ்வாரும் ஆற்றுப்படலத்தின் தொடக்கத்தில், சிவபெருமானின் வெண்ணிறத்தோடு சென்ற முகில் கடலைப் பருகியபின் திருமாலின் நிறத்தோடு மீண்டதாக அமைத்தார். அவிநாசியப்பரும் கரிவரதராஜப் பெருமாளும் அருகருகே எழுந்தருளியுள்ள ஊரில் இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை.

கொண்டல் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேல்காற்று கோடை, கீழ்க்காற்று கொண்டல். முகிலுக்கும் காற்றுக்கும் ஒரே பெயர் ஏன் என்பதை அவிநாசி வட்டாரத்தார் நூல் பாராமலே அறிவர். ஆனி, ஆடித் திங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும். வானமெங்கும் முகில் ஓடும். ஆயினும் மழையின் பெரும்பகுதி மலைக்கு மேற்கேயே பெய்து தீர்ந்துவிடுவதால், இப்பக்கம் வருவது தூறலே. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடலிலிருந்து கொண்டல் புறப்பட்டால்தான் இங்குள்ள குளங்கள் நீர் காணும். கொண்டலே கொண்டலைக் கொணர்கிறது.

திருப்பாவையின் 4-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் நாச்சியார் மழைக்குரிய தேவனை விளித்து, ஒன்றையும் ஒளிக்காமல் தருமாறு பணிக்கிறாள். கடலினுள் புகுந்து நீரை முகந்து, மேலேறி, எம்பெருமானைப் போல் கருத்து, அவன் ஆழிபோல் மின்னி, சங்குபோல் முழங்கி, சார்ங்கம் சொரியும் அம்புபோல் பெய்யவேண்டும் என்பது அவள் நியமனம். இம்முகிலைப் பெரியோர் ஆசார்யனுக்கு ஒப்பிடுவர். கடல் நீர் உவர்ப்பு, நேரே பருகலாகாது. முகில் அதனை முகந்து இனியதாக்கித் தருகிறது. சாஸ்திரமாகிய கடலும் அத்தகையதே. ஆசார்யன் திருவாக்கால் வந்தபோதுதான் அது பருகத்தக்கதாகிறது.

இவ்விடத்து ஒரு நுட்பம் உண்டு. முகில் கடலிடம் நீரை மட்டுமே கொள்கிறது. உப்பைக் கடலிலேயே விட்டுவிடுகிறது. எதைக் கொள்வது என்பதோடு எதை விடுவது என்பதும் கொண்டலின் தருமம். இதனைப் பனியன் தொழில் வளர்ந்த இப்பகுதி பெரும் விலை கொடுத்தே கற்றது. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு வேண்டும். அவ்வுப்பு கழிவுநீரோடு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் உவர்நீர் தேங்கிற்று. வயல்களும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியே விடாத நிலையை எய்தும்வரை சாய ஆலைகளை மூடப் பணித்தது. பின்னர் அந்நீரைச் சவ்வுகளின் வழியே வடித்து, எஞ்சியதை ஆவியாக்கி, உப்பை வேறாக்கும் முறை வந்தது. வானத்தில் ஓசையின்றி நடைபெறும் காரியத்துக்கு மண்ணில் இத்தனை இயந்திரமும் பொருளும் வேண்டியிருக்கின்றன.

மழை பொய்க்கும் பூமியாதலின், அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்காக இம்மக்கள் 50 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தனர். 2019-இல் பணி தொடங்கி, 17-8-2024 அன்று அது பயனுக்கு வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் மிகுந்து ஓடும் நீரை மேடேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே கொண்டுசெல்வது அத்திட்டம். பிறர்க்கு உரிய நீரையன்றி உபரியையே கொள்வது அதன் விதி. கடைக்கோடிக் குட்டைவரை அந்நீர் சென்று சேரவேண்டுமாயின், இடையிலுள்ளார் ஒளிக்காமல் விடவேண்டும். நாச்சியார் முகிலுக்கு இட்ட ஆணை குழாய்க்கும் பொருந்துகிறது. எனினும் பவானியில் மிகுதி நீர் ஓடுவதற்கும் மலையில் முகிலே பொழிய வேண்டும்.

மார்கழி 4-ஆம் நாள் விடியலில் பெருமாள் சந்நிதிகளில் அப்பாசுரம் ஓதப்படும் வேளையில், இவ்வட்டாரத்தில் கீழ்க்காற்று மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பெய்து முடிந்த முகில் வெளுத்துக் கலைந்திருக்கும். இனி வரப்போகும் கொண்டலை நோக்கியே அந்த விண்ணப்பம் செய்யப்படுகிறது.