சாமிக்குத் தெரிந்த பாஷைகள்

அம்மா விடியுமுன் ஜீப் ஏறிவிடுவார். போடியிலிருந்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கிருந்து கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம். நாள் முழுக்கக் குனிந்து, தூரோடு படர்ந்த சரத்தில் விளைந்த காயாகப் பார்த்துப் பறிக்கும் வேலை. இருபது வருடம் அப்படிப் போனவருக்கு மலையாளத்தில் நாலைந்து சொல்தான் தெரியும். கங்காணி தமிழ் பேசுவார், அதனால் தேவைப்படவில்லை.

ஒருநாள் தேவைப்பட்டது. தோட்டத்தில் மயங்கி விழுந்தவரை மலைமேல் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "நெஞ்சு வலிக்குது" என்றார் அம்மா. கடலோரத்திலிருந்து புதிதாக வந்திருந்த நர்ஸ் பெண்ணுக்கு அது மூச்சிழுப்பாகக் கேட்டது. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. இளைப்பு நோய்க்கு 'வலிவு' என்று பெயர். அவர் அதற்கான மருந்தை எடுக்கப் போனபோது, கூட வந்திருந்த காய் எடுக்கும் அக்கா உள்ளே ஓடிவந்து, "வலிவு இல்ல சிஸ்டரே, வேதன, நெஞ்சுவேதன!" என்றார். அம்மா பிழைத்தார். வேதனை நம் வீட்டிலும் புழங்கும் சொல்தான். அதை எந்த இடத்தில் எடுத்து வைப்பது என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

பிற்பாடு நான் டீச்சரானேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், சாமிக்குத்தான் எல்லாப் பாஷையும் தெரியுமே, நாம எதுக்கு வேற பாஷை படிக்கணும்?" அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இரவெல்லாம் யோசித்தேன். வைணவர்கள் வடமொழி மறையையும் ஆழ்வார்களின் தமிழையும் சமமாக வைத்து அதற்கு உபய வேதாந்தம் என்று பெயரிட்டார்கள். குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம், மொழிகள் பலவாக இருப்பதையே இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறது. என்னை அதிகம் அசைத்தது பெந்தெகொஸ்தே நாளின் கதை. எருசலேமில் கூடியிருந்த பல தேசத்தாரும், இயேசுவின் சீடர்கள் தங்கள் தங்கள் மொழியில் பேசக் கேட்டார்கள். கூட்டத்தையே ஒரே மொழிக்கு மாற்றியிருக்கலாம், அப்படி நடக்கவில்லை. பேசுகிறவனின் நாக்குதான் கேட்கிறவனுக்காக மாறியது. சாமிக்கு நாம் முனகினாலே போதும், புரிந்துகொள்வார். பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் மனுஷிக்கு அது போதாது. அவளுக்காகப் படிக்கும் பாஷையை நான் வழிபாடாகவே நினைக்கிறேன்.

இந்தித் திணிப்பை எதிர்த்து 1968இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றது. அது சரியான முடிவு, இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் யாரும் திணிக்காமலே கற்க ஆசைப்படும் பிள்ளைக்கு, போடி மாதிரி ஓர் ஊரில் பள்ளிக்கூடம் என்ன தருகிறது? ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கேயும் மலைமேல் புற்றடியிலும் நடக்கிறது. இங்கே பெண்கள் தரம் பிரிக்கும் காய் சவூதி வீடுகளில் கஹ்வா காப்பியில் மணக்கிறது. மதரஸாவுக்குப் போகும் பிள்ளைகள் அரபு எழுத்தைத் தடையில்லாமல் ஓதுகிறார்கள். பலருக்குப் பொருள் தெரியாது. ஓதவும் விற்கவும் உதவும் அந்த மொழியைப் பள்ளியில் சொல்லித்தர ஆளில்லை. தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அம்மா அன்று நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் இரண்டு பீரியட், மலையாளமோ அரபியோ வேறொன்றோ, பிள்ளை விரும்பியது. பரீட்சை வேண்டாம். முதல் பாடம் ஆஸ்பத்திரியில் பேசுவது.

மறுநாள் அந்தப் பையனுக்குப் பதிலாக அம்மாவின் கதையைத்தான் சொன்னேன். அவனுடைய அம்மாவும் மலைக்குப் போகிறவர். அடுத்த நாள் பிரேயர் முடிந்ததும் ஓடிவந்தான்: விடியக்காலையில் ஜீப் வருவதற்குள் அவன் அம்மாவை மூன்று தடவை சொல்ல வைத்தானாம், "நெஞ்சுவேதன, நெஞ்சுவேதன" என்று.