மாதிரி விமானமும் மமகாரமும்

இல்லறத்தில் நிற்கும் பௌத்தன் ஒருவன் தன் ஓய்வு நேரமெல்லாம் மாதிரி விமானங்கள் கட்டுவதிலே செலவிடுவானாயின், அது தம்மத்திற்கு இசைந்ததாகுமா, அன்றி அவாவின் ஒரு கிளையே ஆகுமா? சங்கத்து இளைஞர் சிலர் இவ்வினாவை என்பால் எழுப்பினர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொழிலிற் கைபழகியவன் யான் ஆதலின், விடை கூறும் கடமையும் என்னைச் சார்ந்தது.

எங்கள் கொழிஞ்சாம்பாறை சித்தூர் வட்டத்தின் கீழ்ப்பகுதியில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ளது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றிப் பாய்ந்து வரும் நிலம். மழை குறைவு; பனை மிகுதி. மூங்கிற் சிம்பு, மெல்லிய தாள், மைதாப் பசை, முறுக்கிய ரப்பர் இழை என்னும் இவையே எங்கள் முதற்பொருள்கள். பால்சா என்னும் இலேசான தென்னமெரிக்க மரம் பின்னரே எமக்குக் கிட்டிற்று. ரப்பர் முறுக்கால் விசிறி சுழலும் இவ்வகை மாதிரியை 1871-இல் பாரிஸ் நகரத் தோட்டமொன்றில் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் பறக்கவிட்டார். பதினோரு விநாடி பறந்தது. அவர் வகுத்த முறையில் அமைந்த விளையாட்டுப் பொருள் ஒன்றையே 1878-இல் ரைட் சகோதரர்க்கு அவர்தம் தந்தையார் வாங்கி வந்தார் என்பர். விளையாட்டென்று எளிதில் தள்ளத்தக்கதன்று இது.

ஆயினும் திரிபிடகம் என் கூறுகின்றது? தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமஜாலத்தில், பிறரிடும் உணவை உண்டு வாழும் துறவியர் சிலர் ஈடுபடும் விளையாட்டுகள் அடுக்கிக் கூறப்படுகின்றன; சமண கோதமர் அவற்றினின்று நீங்கியவர் என்க. சிறு தேர், சிறு வில் ஆகியவற்றோடு 'சிங்குலிகம்' என்பதும் அங்கு வருகின்றது. பனையோலை முதலியவற்றாற் செய்து காற்றிற் சுழலும் சக்கரம் என்று அதற்கு உரை கூறுவர். எங்கள் ஊர்ச் சிறுவர் கையில் இன்றும் சுழலும் ஓலைக் காற்றாடியே அது! அவ்விலக்கு துறவியர்க்கு உரியது. உபாசகர் ஏற்கும் பஞ்சசீலத்தில் அஃதில்லை. ஆனால் விதி விலக்கவில்லை என்பதாலேயே மனம் பற்றற்றது ஆகிவிடாது.

ராதர் என்னும் பிக்குவுக்குப் பகவர் உரைத்த உவமையை ஈண்டு நினைத்தல் தகும். சிறுவரும் சிறுமியரும் மண்வீடு கட்டி விளையாடுகின்றனர். அதன்மேல் விருப்பம் உள்ளவரை அதனைப் போற்றி, 'எனது' என்று காக்கின்றனர். விருப்பம் நீங்கியதும் கையாலும் காலாலும் தாமே கலைத்து விடுகின்றனர். இங்குப் பகவர் மண்வீட்டைப் பழிக்கவில்லை. அதனைச் சூழ்ந்த மமகாரத்தையே சுட்டுகின்றார்.

மாதிரி விமானம் கட்டுவோர்க்கு இவ்வுவமை ஏட்டளவில் நிற்பதன்று. கயிறும் கருவியுமின்றித் தன்போக்கிற் பறக்கும் விமானம், கோடைக்கால முற்பகலில், வெம்மையால் மேலெழும் காற்றிற் சிக்கினால் திரும்பி வாராது. பனந்தோப்புக்கு மேல் வட்டமிட்டு, புள்ளியாகி, மறையும். இதில் விந்தை யாதெனில், கோணலாகக் கட்டியது காலடியிலேயே விழும். எடையும் சமநிலையும் செம்மையாக அமைந்ததே கைவிட்டுப் போகும். பல மாலைகள் உழைத்துச் செய்தது அவ்வாறு போகுங்கால் நெஞ்சில் எழுவது துன்பமா உவகையா என்று நோக்குவதைவிட நல்ல தியானப் பயிற்சியை யான் அறியேன். இழப்பைத் தடுக்க, மெல்ல எரியும் திரி ஒன்றை வாலில் கட்டுவர்; திரி எரிந்ததும் வாற்சிறகு நிமிர்ந்து விமானம் இறங்கிவிடும். யானும் கட்டியதுண்டு. உடைமையைக் காத்தல் இல்லறத்தார்க்கு அடாத செயலன்று.

மமகாரம் எத்துணைக் கொடுமைக்கு இட்டுச் செல்லும் என்பதற்குத் தம்மபத உரையில் ஒரு கதை உண்டு. போதி இராசகுமாரன் என்பான் தச்சன் ஒருவனைக் கொண்டு ஒப்பற்ற மாளிகை கட்டுவித்தான். இத்தகையது பிறர்க்கும் அமைந்துவிடலாகாது என்று எண்ணி, தச்சனைக் கொல்லவோ கண்ணைப் பறிக்கவோ துணிந்தான். செய்தி அறிந்த தச்சன், வேலை எஞ்சியுளது என்று கூறி, சாரமற்ற உலர்ந்த மரம் கேட்டுப் பெற்று, தனித்திருந்து மரக்கருடன் ஒன்றைச் செய்தான். மனைவி மக்களை அதில் ஏற்றிச் சாளரத்தின் வழியே பறந்து தப்பினான். செய்தவன் கைத்திறனில் தீதில்லை. பெற்றவன் 'எனக்கே' என்றதில் தீது. கைத்தொழிலாளனைக் கீழ்மைப்படுத்திய சமுதாயத்தினின்று நீங்கித் தம்மத்தைச் சரணடைந்த நமக்கு இக்கதையின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் செய்தவனும் வினவப்பட வேண்டிய இடம் ஒன்றுண்டு. ரெஜினால்டு டென்னி என்னும் நடிகர் 1934-இல் ஹாலிவுட்டில் மாதிரி விமானக் கடை தொடங்கினார். அப்பொழுதுபோக்கே வளர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக ஏறத்தாழ 15,000 ஆளில்லா விமானங்களாயிற்று. இன்று அவற்றின் வழிவந்தவை குண்டு சுமக்கின்றன. ஆயுதம், உயிர், ஊன், கள், நஞ்சு என்னும் ஐந்தின் வாணிகத்தை உபாசகர்க்கு ஆகாதென்று அங்குத்தர நிகாயம் விலக்குகின்றது. வானலையால் இயங்கும் விமானம் கட்டக் கற்க வரும் இளைஞரிடம், இறக்கைச் சட்டத்தைக் கையிற் கொடுக்குமுன் இப்பகுதியை யான் படித்துக் காட்டுவேன். கற்றுத் தேர்ந்தோருள் சிலர் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் இயக்குகின்றனர். படைக்கலத் தொழிற்சாலையில் வேலை கிடைக்குமாயின் செல்லலாமா என்று ஒருவர் வினவியுள்ளார். அவர் வீட்டில் வருவாய் ஈட்டுவோர் பிறர் இலர். அடுத்த உபோசத நாளில் இருவரும் அமர்ந்து பேசுவதாக உள்ளோம்.