விளையாட்டு வடிவமைப்பும் அறவியலும்

காணொளி விளையாட்டை வடிவமைப்பவர் ஓர் உலகத்துக்கு விதி எழுதுகிறார். நிரலாக்கம், நிகழ்தகவுக் கணிதம், ஓவியம், கதையமைப்பு ஆகியவை அதற்கான பயிற்சிகள். எந்தச் செயலுக்கு எந்தப் பயன் என்பதையும் அவரே முடிவு செய்வதால், அறவியலும் அவற்றுடன் சேர்கிறது.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபத சோபானப் படம் இதற்குப் பழைய சான்று. அதில் ஏணிகள் நற்பண்புகளையும் பாம்புகள் தீய குணங்களையும் குறிக்கின்றன. ஆனால் காயை நகர்த்துவது தாயக்கட்டை. ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. வினையின் பயன் அதில் தெரிகிறது. வினை செய்பவரின் விருப்பம் தெரிவதில்லை.

ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய, 1985இல் வெளிவந்த 'அல்டிமா 4' என்ற கணினி விளையாட்டு அந்த விருப்பத்தை ஆடுபவரிடம் கொடுத்தது. வெல்ல வேண்டிய இறுதிப் பகைவன் அதில் இல்லை. நேர்மை, இரக்கம், பணிவு முதலிய 8 பண்புகளில் தேர்வதே இலக்கு. கண் தெரியாத கடைக்காரருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தால், ஆட்டம் அதைச் சொல்லாமலே கணக்கில் வைக்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. புள்ளி கிடைக்கும் என்று தெரிந்து செய்வது அறமா, கணக்கா? மறுமைப் பயன் கருதிக் கொடுப்பவரை அறத்தை விலைபேசும் வணிகராகவே புறநானூற்றின் 134ஆம் பாடல் பார்க்கிறது. கடமை என்பதற்காகவே செய்யும் செயலுக்குத்தான் ஒழுக்க மதிப்பு உண்டு என்றார் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட். புள்ளியை மறைத்து வைப்பது சிக்கலைக் குறைக்கும், நீக்காது. ஆகவே வடிவமைப்புக் கல்வியில் மெய்யியலுக்கும் இடம் வேண்டியிருக்கிறது.