எவரால்? எதனால்?

மக்கட்பேறு இல்லறத்தார்க்கு வாய்க்கும் பேறுகளுள்ளே தலையாயதென்பது யாவரும் ஒப்ப முடிந்ததேயாம். அஃது உரிய காலத்திலே, தாயுஞ் சேயும் நலமுற வாய்த்தவிடத்து, "எவர் செய்த புண்ணியமோ" என்று கூறி மகிழ்கின்றோம். அதுவே காலத்துக்கு முன்னர், அச்சத்தோடும் கண்ணீரோடும் வந்தவிடத்து, "எவர் செய்த பாவமோ" என்று கூறத் தலைப்படுகின்றோம். இவ்விரண்டாவது கூற்று அறத்தோடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மாதமொன்றுக்கு 28 நாளாகக் கொள்ளின், பத்துமாதம் 280 நாள், அஃதாவது 40 வாரமாகும். 37 வாரம் நிரம்புமுன் நிகழ்வதைக் குறைமாதப் பிறப்பென்பர் மருத்துவர். 2020ஆம் ஆண்டிலே உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 34 இலட்சம் சிசுக்கள் இவ்வாறு பிறந்தன. பத்துப் பிள்ளைகளுள் ஒன்று என்னலாம். ஆதலின் இஃது எங்கோ ஓரில்லத்துக்கு மாத்திரம் நேரும் அபூர்வமன்று.

சில ஆண்டுகளின் முன் ஆசிரியர் ஒருவர் இல்லத்திலே நிகழ்ந்ததைக் கூறுவாம். அவர் மனைவியார்க்கு அது முதற் கருப்பம். 31ஆம் வாரத்திலே காலும் முகமும் வீங்கின, தலைவலி நீங்காது நின்றது, பார்வை மங்கிற்று. பரிசோதித்த மருத்துவமாது தாமதியாது ஆசுபத்திரிக்கு அனுப்பினார். அங்கே இரத்த அழுத்தம் மிக ஏறியிருத்தலும், சிறுநீரிலே புரதங் கலந்திருத்தலும் காணப்பட்டன. அன்றிரவே சத்திரசிகிச்சையினாற் பெண்குழந்தையொன்று வெளியே எடுக்கப்பட்டது. நிறை 1,300 கிராம்.

தாய் மயக்கந் தெளியுமுன்னரே வீட்டிலே விசாரணை தொடங்கிற்று. பப்பாளிப்பழந் தின்றாளோ என்றார் ஒருவர். கிரகணத்தன்று வெளியே வந்தாளோ என்றார் மற்றொருவர். முற்பிறப்பிற் செய்தது இப்பிறப்பில் வந்ததென முடித்தார் மூன்றாமவர். கண்விழித்த தாயும் கணவரை நோக்கி, "நான் எங்கே பிழை விட்டேன்?" என்றே முதற்கண் வினாவினார். வினைப்பயனைப் பற்றி மாணாக்கர்க்குப் பலகாற் போதித்த அவ்வாசிரியரின் நாவுக்கு அன்று ஒரு சொல்லும் வந்திலது. அவர் வாளா நின்றார். அம்மௌனத்தை அவ்வம்மையார் தமக்கெதிரான தீர்ப்பாகவே கொண்டார். "பிழை ஒன்றுமில்லை என்று அன்று சொல்லாது விட்டது இன்றும் என்னை வருத்துகின்றது" என அவர் எம்மிடஞ் சொல்லியதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

துன்பம் நேர்ந்தவிடத்து மனிதர் வினாவும் வினா இரண்டு. "எவரால் வந்தது?" என்பது ஒன்று; "எதனால் வந்தது?" என்பது மற்றொன்று. முன்னையது உயர்திணை, பின்னையது அஃறிணை. இலக்கணம் போதிக்கும் நமக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. உயர்திணை வினாவுக்கு விடையாக ஓராள் வேண்டும். அருகே கிடப்பவள் தாயாதலின் அவளே விடையாகின்றாள். அஃறிணை வினாவோ ஒருவரையுஞ் சுட்டாது காரணத்தைத் தேடிச் செல்லும்.

அவ்வம்மையார்க்கு வந்தது யாது? சூல்வித்தகமெனப் பாடநூல்கள் கூறும் நஞ்சு, கருப்பையின் சுவரிலே பதியுங்காலத்து, அதற்கு இரத்தமூட்டுங் குழாய்கள் விரியவேண்டிய அளவு விரியாதொழிவதுண்டு. அக்குறை கருப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே, எவ்விதக் குறியுங் காட்டாது அமைந்துவிடும். பின்னர் இரத்த அழுத்தம் ஏறும். ஈரலும் சிறுநீரகமுந் தாக்குறும். முற்றினால் வலிப்புக் கண்டு தாய் இறத்தலுங் கூடும். 2002ஆம் ஆண்டிலே வெளியான ஓராராய்ச்சி, 33 நாடுகளிலே பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு, மக்னீசியஞ் சல்பேற்று என்னும் உப்பு அவ்வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைக்கின்றதெனக் காட்டிற்று. எனினும் நோயை நீக்கும் வழி, குழந்தையும் நஞ்சும் வெளிப்படுதலேயாம். பழத்துக்கும் கிரகணத்துக்கும் இதிலே தொடர்பொன்றுமில்லை.

"குறித்த காலத்துக்கு முன்னே பிள்ளையை எடுத்தல் விதியை மீறுதலாகாதோ?" எனச் சிலர் ஐயுறுவர். பெரியபுராணங் கூறுங் கோச்செங்கட்சோழர் வரலாற்றை அவர் நினைத்தல் வேண்டும். மகவு ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் மூவுலகும் ஆளுமெனச் சோதிடர் கூறக் கேட்ட கமலவதியார், தம் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் செய்து அந்நாழிகையைக் கடத்தினார். சிவந்த கண்களோடு பிறந்த மகனை ஒருமுறை நோக்கி உயிர்நீத்தார். அவர் விதியை மீறினாரென எவரும் பழித்திலர். மகவுக்காகத் தாய் காலத்தைப் பிற்படுத்தியது பழியன்றாயின், இருவருயிரையுங் காக்க வேண்டி மருத்துவர் அதனை முற்படுத்துவதும் பழியாகாது.

செல்வமும் பதவியும் உள்ளவிடத்தும் இத்துன்பம் வருமென்பதற்கு அமெரிக்க நாட்டின் தலைவராயிருந்த கென்னடியின் இல்லமே சான்று. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7ஆந் திகதி அவருக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். முதிராத நுரையீரல் விரியாமையால், 39 மணித்தியாலமே வாழ்ந்து பொஸ்ரன் நகரிலே இறந்தான். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாவண்ணங் காக்கும் ஒரு வழுவழுப்பான பொருள் அத்தகைய சிசுக்களிடத்துக் குறைவு என்பதை மேரி எலன் ஏவரி என்னும் அம்மையாரும் ஜியர் மீட் என்பவரும் 1959ஆம் ஆண்டிலே அந்நகரிலேதான் வெளிப்படுத்தியிருந்தனர். காரணந் தெரிந்திருந்தது, மருந்து பிறந்திலது. நியூசீலந்து நாட்டிலே லிகின்ஸ் என்பார் ஆட்டுக்குட்டிகளை ஆராய்ந்து, பின் ஹோவி என்பாரோடு சேர்ந்து, தாய்க்கு முன்கூட்டியே செலுத்தும் ஒரு மருந்தினால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிருமென 1972ஆம் ஆண்டிலே காட்டினார். 1980ஆம் ஆண்டிலே சப்பானியராகிய புஜிவாரா அக்குறைந்த பொருளையே சிசுவின் சுவாசக்குழாயிற் செலுத்திப் பயன் கண்டார். நம்மாசிரியரின் மகள் மூச்சுவிட்டது இவர்கள் தேடிக் கண்டவற்றினாலேயாம். "எவரால்" என்று வினாவியோர் ஒரு குழந்தைக்கும் மூச்சுக் கொடுத்திலர்; "எதனால்" என்று வினாவியோர் கொடுத்தனர்.

அங்ஙனமாயின் வினைக்கொள்கையை மறுக்கின்றீரோ என்பார்க்கு விடை கூறுவாம். மறுக்கின்றிலேம். ஒருவன் தன்னொழுக்கத்தைத் திருத்திக்கொள்ளற்கு அக்கொள்கை உதவும். அயலாரின் கணக்கை எழுதற்கு அது நமக்கு எழுத்தாணி தந்ததில்லை. கிணற்றிலே வீழ்ந்த சிறுவனைக் கண்டு, வீழ்ந்தது அவன் வினையென்று கரையிலே நின்று உரையாடுவார் உளரோ? அவன் வீழ்ந்தது அவன் வினையாயின், கண்ட நாம் தூக்காதொழிவது நம் வினையாகும். ஊழுக்கு ஓரதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓரதிகாரம் வகுத்தமை நோக்குக.

இன்னுமொன்று. புகையிலையை விலக்குதல், மாதந்தவறாது பரிசோதனைக்குச் செல்லுதல், வீக்கமுந் தலைவலியுங் கண்டால் உடனே அறிவித்தல் முதலியவற்றை முன்னே கூறுதல் அன்பு. அதே சொற்களைப் பின்னே கூறுதல், புண்ணிலே கோலிட்டுக் குத்துதல் போலும். அறிவுரைக்கும் பழியுரைக்கும் சொல் ஒன்றேயாயினும் காலம் வேறு. யாவற்றையும் வழுவாது செய்த தாய்மாருக்கும் குறைமாதப் பிறப்பு நேர்கின்றது. பலவிடத்து மருத்துவர்க்கும் காரணம் புலப்படுவதில்லை. அங்கே தாயைக் காரணமாக்குதல் அறியாமையோடு கொடுமையுமாம்.

பின் செய்யத்தக்கது யாது? 1978ஆம் ஆண்டிலே கொலம்பியா நாட்டுப் பொகோற்றா நகர மருத்துவராகிய ரேய் சனாப்ரியா, சூட்டுப்பெட்டிகள் போதாமை கண்டு, சிசுவைத் தாயின் வெற்று மார்பிலே அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். தாயின் மெய்ச்சூடும் தாய்ப்பாலும் சிசுவைக் காத்தன. இன்று அம்முறை உலகமெங்கும் பரவியுள்ளது. தந்தையும் அவ்வாறே அணைத்து வைத்திருக்கலாம். நம்மாசிரியரும் நாள்தோறும் பள்ளி முடிந்தபின் ஆசுபத்திரிக்குச் சென்று மகளை மார்பிலே ஏந்தியிருந்தார். ஒருநாள் அவ்வாறிருந்தபொழுதே, மனைவியாரை நோக்கி, "நீ ஒரு பிழையும் விடவில்லை" என்றார். அவர் நெடுநேரம் அழுது, அதன்பின் அன்று நன்றாக உண்டாராம்.

அப்பெண் இப்பொழுது நான்காம் வகுப்பிலே கற்கின்றாள்.

ஆசிரியர்காள்! ஊரிலே உங்கள் சொல்லுக்கு ஒரு மதிப்புண்டு. குறைமாதப் பிள்ளையென்று வகுப்பிலே ஒரு குழந்தையை மற்றவர் இகழின் தடுங்கள். காலத்துக்கு முன் பிள்ளை பிறந்த வீட்டுக்குச் செல்லுங்கால், எவரால் என்னும் வினாவை வாயிலிலே விட்டுச் செல்லுங்கள். அத்தாய் கேளாதிருப்பினும், பிழை ஒன்றுமில்லை என்னும் அச்சொல்லை முதலிலே சொல்லுங்கள்; தாழ்த்துச் சொல்லின், அதற்குள் அவள் தன்னைத் தானே தண்டித்திருப்பாள்.